கதவுக்குப் பின்னாலும் சுவர்தான்

காரைக்குடியில் ஓவியக் கண்காட்சி என்று யாராவது அழைப்பிதழை நீட்டினால், நான் முதலில் கேட்பது ஓவியர் யார் என்பதல்ல. கூடத்தின் கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கம் திறக்குமா என்பதுதான். கேட்பவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையில் சேராது என்பார்கள். நான் சேரத்தான் செய்கிறேன், படம் என்றால் விட முடியவில்லை. ஆனால் உள்ளே நுழைந்ததும் கதவுக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பேன்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. நாங்கள் புதுவயலில் இருந்தோம். புதுவயல் என்றால் அரிசி ஆலை, அரிசி ஆலை என்றால் லாரி, லாரி என்றால் புழுதி. இவையெல்லாம் போக எங்கள் தெருவுக்கென்று தனியாக ஒரு சொத்து இருந்தது. தெருவுக்கு நேர் பின்னால் இருந்த ஆலையின் புகைபோக்கி. அப்பா அந்த ஆலையில்தான் பாய்லர் பார்த்தார். அவர் கீழே உமியை அள்ளிப் போடுவார். அது எரிந்து கரித்தூளாகி மேலே கிளம்பி, காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் எப்படியோ எங்கள் தெருவிலேயே வந்து இறங்கும். வாசல் கோலத்தில் இறங்கும். திறந்து வைத்த குழம்பில் இறங்கும். கொடியில் காயும் துணியில் இறங்கும். எங்கள் பள்ளிச் சீருடைக்கு வெள்ளைச் சட்டை என்று தீர்மானித்த மகராசன் யாரோ தெரியாது, அவர் கட்டாயம் புதுவயல்காரராக இருக்க முடியாது.

அப்பாவின் அக்கா எங்களோடுதான் இருந்தாள். எனக்கு அத்தை. மதியம் கொடியிலிருந்து துணி எடுக்கப் போகும்போது அவள் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்து ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் துணியில் கை வைப்பாள். தினமும் நடக்கிற பூசை அது.

"ஏன்டா, ஊரு ஒலகத்துல ஒனக்கு எங்க வீட்டுக் கொடியத் தவிர வேற எடமே கெடைக்கலையா? இடிஞ்சு விழ!"

மதியச் சாப்பாட்டுக்கு வந்திருக்கும் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார். "அக்கா, அது இடிஞ்சா அடியில நாந்தான் இருப்பேன்."

"அப்ப நீ சாப்புட வந்த நேரமாப் பாத்து விழட்டும்" என்பாள் அத்தை. சாபம் போடுவதிலும் தம்பிக்குச் சேதாரம் வராமல் பார்த்துக்கொள்வாள்.

காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டு முகப்புக் கூடத்தை அதன் சொந்தக்காரர்கள் ஊர்ப் பொதுவுக்கென்று விட்டிருந்தார்கள். அங்கே ஆண்டுக்கொரு முறை ஓவியக் கண்காட்சி நடக்கும். ஊர் ஓவியர்கள் படங்களோடு பள்ளிப் பிள்ளைகள் படங்களையும் மாட்டுவார்கள். அந்த ஆண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்த தலைப்பு 'எங்கள் ஊர்'. எங்கள் பள்ளி டிராயிங் சார் என்னைக் கூப்பிட்டு ஒரு பெரிய தாளைக் கொடுத்தார்.

நான் எங்கள் தெருவை வரைந்தேன். கொடி, கொடியில் என் வெள்ளைச் சட்டை, சட்டையில் கறுப்புப் புள்ளிகள், பின்னால் புகைபோக்கி, அதன் உச்சியிலிருந்து புகை. நடுவில் அத்தை, இடுப்பில் ஒரு கை, இன்னொரு கையில் துணி, முகம் அண்ணாந்து, வாய் பிளந்து. புகைபோக்கியில் முதலாளியின் பெயரெழுத்துகள் வெள்ளைச் சுண்ணாம்பில் எழுதியிருக்கும். அதையும் விடாமல் எழுதினேன். எழுதாவிட்டால் அது வேறு யாருடைய புகைபோக்கியாகவோ ஆகிவிடுமே! யார்மீதும் புகார் சொல்லும் எண்ணம் எனக்குத் துளியும் கிடையாது. உங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். இப்படித்தான் இருக்கும் என்று வரைந்து கொடுத்தேன்.

டிராயிங் சார் படத்தைத் தூக்கிப் பிடித்து, புகைபோக்கியில் இருந்த எழுத்துகளைப் படித்தார். பிறகு, "சரி, போகட்டும்" என்றார். ஏதோ பெரிய காரியத்துக்குத் துணிந்தவர்போல மூச்சு விட்டார். படம் தேர்வாகிவிட்டது.

அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. தெரு முழுக்கச் சொன்னாள். அழைப்பிதழை வாங்கி என் பெயரைத் தேடினோம். கடைசி வரியில் 'மற்றும் பள்ளி மாணவ மாணவியர்' என்று இருந்தது. அந்த வரிக்குள் நான் இருக்கிறேன் என்று அத்தை எல்லாருக்கும் விரல் வைத்துக் காட்டினாள். என் தம்பிக்குக் காய்ச்சல் என்று அம்மா வீட்டில் தங்கிவிட, அத்தை பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து, என்னையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு பேருந்து ஏறினாள். டிக்கெட் கிழித்த நடத்துநரிடமும் சொன்னாள். "எம் மருமக வரைஞ்ச படத்தக் காரைக்குடியில மாட்டியிருக்காக. அதுல என்னயத்தான் வரைஞ்சிருக்கா." நடத்துநர் அத்தையை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மீதிச் சில்லறையைக் கொடுத்தார். அப்பா மட்டும் வழியெல்லாம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

கூடத்துக்குள் போனால் சுவரெல்லாம் கதவு. நிசக் கதவைத் தாண்டி உள்ளே போய்ப் பார்த்தால் படத்திலும் கதவு. செதுக்கு வேலைக் கதவு, பித்தளைக் குமிழ் வைத்த கதவு, பாதி திறந்த கதவு, திறந்த கதவுக்கு நடுவில் கண்டாங்கிச் சேலை கட்டிய பெண். கதவு இல்லாத இடத்தில் தூண். தூண் இல்லாத இடத்தில் அரியக்குடிக் கோயில் கோபுரம். பிள்ளைகள் படங்களும் அப்படியேதான். பள்ளத்தூர்ப் பிள்ளைகள் பள்ளத்தூரின் பெரிய மச்சு வீடுகளை வரைந்திருந்தார்கள், அது சரி. மச்சு வீட்டு வாசலையே மிதிக்காத பிள்ளைகளும் மச்சு வீட்டைத்தான் வரைந்திருந்தார்கள். நெல் அவிக்கிற ஊர், லாரி ஓடுகிற ஊர், மூட்டை தூக்குகிற ஊர் ஒன்றுகூட இல்லை. இந்த வட்டாரத்தில் கதவுக்குப் பின்னால் யாரும் சோறு தின்பதில்லை போலும்.

என் படத்தையும் காணவில்லை. ஒரு சுற்றுச் சுற்றினோம். இன்னொரு சுற்றும் சுற்றினோம். அத்தையின் முகம் சுருங்கத் தொடங்கியது. சட்டையில் ரோசாப்பூ நிறத்தில் அட்டை குத்தியிருந்த குழுச் செயலாளரிடம் போய்க் கேட்டாள். அவர் யாருக்கோ போன் பேசிக்கொண்டே, "அங்குட்டு, வாசப்பக்கம் பாரும்மா" என்று கையை வீசினார்.

வாசல் பக்கம் போனோம். அந்த வீட்டுத் தலைவாசல் கதவு இரட்டைக் கதவு. ஒவ்வொன்றும் ஓர் ஆள் தனியாகத் தள்ளினால் நகராது. இரண்டையும் முழுக்கத் திறந்து, சுவரோடு ஒட்ட வைத்து, அடியில் கல்லை அண்டக் கொடுத்திருந்தார்கள். இடதுபக்கக் கதவுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து ஒரு தாள் முனை நீட்டிக்கொண்டிருந்தது. அதில் என் பெயரின் பின்பாதி தெரிந்தது.

கதவில் இருந்த குமிழ்களால் சுவருக்கும் அதற்கும் கொஞ்சம் இடைவெளி இருந்தது. அத்தை அதற்குள் தலையை நுழைத்துப் பார்த்தாள். மல்லிகைப்பூ குமிழில் மாட்டிக்கொண்டது. "என் மூக்கு மட்டுந்தான்டி தெரியுது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. தலையை வெளியே எடுத்தபோது அவள் முகம் தினமும் மதியம் கொடியடியில் இருக்கும் முகமாகிவிட்டிருந்தது.

நேராகச் செயலாளரிடம் போனாள். "என்னங்க இது? புள்ள படத்தக் கொண்டுபோயிக் கதவுக்குப் பின்னாடி மாட்டியிருக்கீக?"

"கதவுக்குப் பின்னாடியும் சுவருதானம்மா" என்றார் அவர், போனைக் காதிலிருந்து எடுக்காமல். "படத்தச் சுவத்துல மாட்டணும். மாட்டியாச்சு."

"அப்ப ஒங்க நாற்காலியயும் தூக்கிக் கதவுக்குப் பின்னாடி போட்டு ஒக்காருங்களேன். அங்கயும் தரைதான?"

பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். செயலாளருக்கு முகம் கடுத்தது. அப்பா ஓடிவந்து அத்தையின் முழங்கையைப் பிடித்தார். "விடுக்கா. எங்க இருந்தா என்ன. இருக்குதுல்ல, போதும்."

அதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் என்னால் அப்படியே எடுத்துக் காட்ட முடியும். எங்கே இருந்தால் என்னவா? காரில் வந்து இறங்குகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் படங்கள் குத்துவிளக்குக்கு நேரே, விளக்கு வெளிச்சத்தில். புதுவயலிலிருந்து பேருந்தில் நின்றுகொண்டு வந்தவள் படம் கதவிடுக்கில், பல்லிக்குத் துணையாக. இதைத் தட்டிக் கேட்க அப்பா வேண்டாமா? அவரோ வேர்க்க விறுவிறுக்கத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படியும் ஒரு பயந்தாங்கொள்ளி எனக்குத் தகப்பனாக வாய்க்க வேண்டுமா என்று நினைத்தேன்.

அத்தை அவர் கையை உதறினாள். வாசலுக்குப் போனாள். கதவுக்கு அண்டக் கொடுத்த கல்லைக் காலால் நகர்த்தினாள். பட்டுப்புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இடதுபக்கக் கதவைத் தோள் கொடுத்துத் தள்ளினாள். நானும் தள்ளினேன். கதவு முனகிக்கொண்டே நகர்ந்து வாசலில் போய் நின்றது. படத்தின்மேல் வெளிச்சம் விழுந்தது.

அத்தை தன்னைத்தானே பார்த்துக்கொண்டு நின்றாள். "அடியாத்தி, வாய எம்புட்டுப் பெருசா வரைஞ்சிருக்கா!" என்றாள். அவ்வளவு பெருமை அந்தக் குரலில். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து, "எங்க சித்தி வீட்டுலயும் இப்புடித்தான், துணி காயப்போடவே முடியாது" என்று சொல்லிச் சிரித்தாள். என் வாழ்க்கையில் முதன்முதலாக முன்பின் தெரியாத ஒருவர் என் படத்தைப் பார்த்துப் பேசியது அப்போதுதான். அந்தச் சந்தோசம் எனக்கு அரை நிமிடம்கூட நிலைக்கவில்லை.

செயலாளர் ஓடிவந்தார். "என்னம்மா செய்றீங்க? விளக்கு வைக்கிற நேரத்துல தலைவாசக் கதவச் சாத்துவாங்களா? வீட்டுக்கு லெச்சுமி வார நேரம்!"

அத்தைக்குத் தெரியாத சாத்திரமா? அந்தி நேரத்தில் எங்கள் வீட்டுக் கதவை யாராவது லேசாக ஒருக்களித்தால்கூடக் கத்துகிறவள் அவள்தான். ஆனால் அன்றைக்கு அவள் தயங்கவில்லை. "ஒத்தக் கதவத்தான சாத்தியிருக்கேன். இன்னொண்ணு தொறந்துதான கெடக்கு? லெச்சுமி என்ன லாரியிலயா வாரா?"

அந்த நேரத்தில் வெளியே கார் வந்து நின்றது. "சீஃப் கெஸ்ட் வந்தாச்சு" என்று யாரோ கத்தினார்கள். சந்தனக் கும்பாவும் பன்னீர்ச் செம்புமாகப் பெண்கள் வாசலுக்கு ஓடினார்கள். சாத்தியிருந்த கதவில் ஒருத்தி மோதிக்கொண்டாள். செயலாளர் கதவை இழுத்தார். அத்தை விடவில்லை.

அப்போது அப்பா வந்தார். "அக்கா, கைய எடு" என்றார். அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அத்தையும் கேட்டதில்லை போலும், திகைத்துப்போய்க் கையை எடுத்துவிட்டாள். அப்பா ஒற்றை ஆளாகக் கதவைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சுவரோடு சேர்த்தார். கல்லை வைக்கவில்லை. கதவில் முதுகைக் கொடுத்துத் தாமே கல்லாக நின்றுகொண்டார்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு சிறப்பு விருந்தினர் உள்ளே வந்தார். பார்த்தால் எங்கள் ஆலை முதலாளி!

எனக்குக் கோபமெல்லாம் பறந்துவிட்டது. இவர் அல்லவா பார்க்க வேண்டிய ஆள்! இந்தக் கூடத்தில் எத்தனை கதவு, எத்தனை தூண், ஆனால் இவருடைய புகைபோக்கியை இவருடைய பெயரெழுத்தோடு வரைந்தவள் நான் ஒருத்திதான். பார்த்தால் எவ்வளவு மகிழ்ந்துபோவார்! கதவை நகர்த்திப் படத்தைக் காட்டச் சொல்லி அப்பாவைக் கண்ணால் கெஞ்சினேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை.

நெற்றியில் சந்தனத்தைத் தொட்டு வைத்துக்கொண்டு நிமிர்ந்த முதலாளி அப்பாவைப் பார்த்துவிட்டார். "அட, நீயா? இங்க என்னப்பா செய்றே?"

"புள்ளைக்குக் காட்டலாம்னு கூட்டியாந்தேன் மொதலாளி."

"அப்படியா? புள்ள படம் கிடம் வரைஞ்சிருக்கா?"

நான் மூச்சை இழுத்துப் பிடித்தேன்.

"இல்லைங்க மொதலாளி" என்றார் அப்பா. "சும்மா பாக்க வந்துச்சு."

வரைந்திருக்கிறேன் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து என் வாயைப் பொத்தியது. அத்தையின் கை. கொஞ்ச நேரத்துக்கு முன் இந்தப் படத்துக்காகக் கூடத்தையே இரண்டாக்கியவள், என் கன்னம் வலிக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதலாளியைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அதற்கு முன் நான் அவள் முகத்தில் பார்த்ததில்லை. முதலாளி என் தலையில் தட்டி, "நீயும் நல்லாக் கத்துக்கிட்டு அடுத்த வருசம் வரையணும், என்ன?" என்று சொல்லிவிட்டுக் குத்துவிளக்கை நோக்கிப் போனார்.

விளக்கேற்றினார். பேசினார். இந்தப் படங்களைப் பார்க்கும்போது நம் மண் எவ்வளவு தூய்மையானது என்று தெரிகிறது என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். வெள்ளைப் பணியாரமும் காரச் சட்டினியும் வந்தன. அப்பா தட்டை வாங்கவில்லை. முதலாளியின் கார் கிளம்பிப் போகும்வரை கதவிலிருந்து முதுகை எடுக்கவில்லை.

என் படத்தைக் கதவுக்குப் பின்னால் மாட்டியது யார் என்று டிராயிங் சார் ரொம்பக் காலம் கழித்து, எனக்குக் கல்யாணமான பிறகு, ஒரு விசேஷ வீட்டில் பார்த்தபோது சொன்னார். மாட்டியது அப்பாதான். அழைப்பிதழில் நாங்கள் என் பெயரைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் சிறப்பு விருந்தினர் பெயரைப் படித்திருக்கிறார். கண்காட்சிக்கு முந்தின நாளே, அங்கே படம் மாட்டிக்கொண்டிருந்த சாரைத் தேடிச் சைக்கிளில் காரைக்குடி போயிருக்கிறார். அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான், ஆலைக் கரியைப் பற்றி வெளியே பேசினார் என்று சுமைதூக்குகிற ஒருவரை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். படத்தைக் கழற்றிவிடலாமா என்று சார் கேட்டதற்கு அப்பா, "வேணாம் சார், புள்ள ஆசையா வரைஞ்சது, இருக்கட்டும். அவுக கண்ணுல படாத எடமாப் பாத்து மாட்டிருவோம்" என்று சொல்லி, தாமே ஆணி அடித்திருக்கிறார்.

அப்படியானால் செயலாளர்மேல் எனக்கிருந்த கோபம் குறைய வேண்டும்தானே? குறையவில்லை. மாட்டியது அப்பா என்பது அந்த மனிதருக்குத் தெரியாது. தெரியாமலேயே, அந்தப் படத்துக்கு அந்த இடம்தான் என்பது அவருக்குச் சரியாகப் பட்டது பாருங்கள், அதை நான் மன்னிக்க மாட்டேன். முதலாளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தன் மகள் வரைந்த படத்தை முதுகால் மறைத்துக்கொண்டு, என் மகள் வரையவில்லை என்று ஒரு மனிதர் சொல்ல வேண்டியிருந்தது. முதலாளி அதட்டிக்கூடக் கேட்கவில்லை. அதட்டாமலே அதைச் சொல்ல வைத்தார். நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆனால் அன்றைக்கு எனக்கு எரிந்தது அப்பாமேல்தான். திரும்பி வரும் பேருந்தில் நல்ல கூட்டம். அத்தைக்கும் எனக்கும் மட்டும் இடம் கிடைத்தது. வீட்டுக்குப் போவதற்குள் அத்தை அப்பாவை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள் என்று காத்திருந்தேன். அவளோ எழுந்து, அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் இடத்தில் உட்கார வைத்துவிட்டு, பட்டுப்புடவையோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. இவளும் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டாள் என்று நான் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அப்பா இருமினார். துண்டால் வாயைத் துடைத்து, துடைத்த இடத்தில் ஒட்டியிருந்த கரியைப் பார்த்துவிட்டு, அதை உள்பக்கமாக மடித்துக்கொண்டார். பிறகு என் காதருகே குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"படம் நல்லாத்தான் இருந்துச்சு தாயி. கறுப்புத்தான் பத்தல. இன்னும் நல்லா அப்பியிருக்கணும்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தனை பேர் முன்னால் என் படத்தை இல்லையென்று சொன்னது போதாதென்று, இப்போது அதில் குறையும் கண்டுபிடிக்கிறாரே என்று நினைத்தேன்.